ஜெர்மன்காரர் மெட்டில் காப்பி

எங்கள் சபையின் ஆண்டுவிழா மலருக்கு ஒரு ஜெர்மன்காரரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி போதகர் என்னிடம் கேட்டபோது, என் கணவருக்குப் பேச்சுப் போய் சில மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஜெர்மன்காரர் போட்ட மெட்டில்தான் அப்போது எங்கள் வீட்டில் காப்பி கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அவர் பெயரைச் சொன்னால் தென்காசியில் யாருக்கும் தெரியாது. ஜெர்மனியிலும் தெரிந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பல தலைமுறைகளுக்கு முன்னால் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், பாட்டுக்கு மெட்டுப் போட்டவர். அவருடைய மெட்டுகளில் ஒன்று மிஷனரிகளோடு கப்பலேறி வந்து, தமிழ் வார்த்தைகளை உடுத்திக்கொண்டு எங்கள் பாட்டுப் புத்தகத்தில் இடம் பிடித்துவிட்டது. அடக்க ஆராதனையில் அதைப் பாடுவோம். அறுப்பின் பண்டிகைக்கு வெண்டைக்காயும் வாழைத்தாரும் பீடத்துக்கு முன்னால் குவிந்திருக்கும்போதும் அதையே பாடுவோம். சாவுக்கும் நெல்லுக்கும் ஒரே மெட்டு பொருந்துகிறது என்றால் போட்டவர் ஏதோ தெரிந்துதான் போட்டிருக்க வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோவிலில் கீபோர்டு வாசிப்பேன். சபையில் என்னைவிட நன்றாக வாசிக்க ஆள் இல்லை. இதை வைத்து என்னைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், சபை அப்படி. என் கணவர் தாலுகா ஆபீஸில் இருந்தவர். ஆயுசு முழுக்க மற்றவர்களின் மனுக்களைப் படித்துப் படித்து அவர் வாய் கத்திரிக்கோல் ஆகிவிட்டது. குழம்பில் உப்பு குறைந்தால், “அதாவது, இன்னைக்கு உப்பு லீவு போட்டுட்டு போலிருக்கே” என்பார். எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு ‘அதாவது’ வரும். அதற்குப் பின்னால் வருவதற்குத்தான் நாங்கள் எல்லோரும் பயப்படுவோம்.

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். எடுக்கக் குனியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்து, தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வந்தபோது வலது கை துவண்டிருந்தது. கால் ஓரளவு தப்பிவிட்டது. வாயில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. அதாவது.

நாம் பேசுவது அவருக்கு முழுக்கப் புரியும், சொற்களும் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அடைபட்டிருந்ததை நான் தினமும் பார்த்தேன். “அதாவது” என்று தொடங்குவார். வாய் திறந்தபடி நிற்கும். கண் என்னை விரட்டும், நீயாவது சொல்லேன் என்பதுபோல. நான் இட்லியா, தண்ணியா, பாத்ரூமா என்று வரிசையாகக் கேட்பேன். எதுவும் இல்லை என்று தலையசைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த நாட்களில் நான் அழுதேன். அடுப்படியில், குக்கர் விசில் அடிக்கும்போது அழுதேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மறுநாள் ஆராதனைக்கு ஜெர்மன்காரர் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தேன். முதல் வரி வாசித்து இரண்டாவதுக்குப் போகும்போது உள்ளறையிலிருந்து ஆண் குரல் வந்தது. வார்த்தை தப்பாமல், சுருதி கொஞ்சம் தப்பி, அவர் எப்போதும் பாடுகிற மாதிரியே பாடினார். நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயம். நான்கு வரியும் முடிந்ததும் ஓடிப்போய், “என்னங்க, பேசுங்க!” என்றேன். “அதாவது” என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் ஒரு பெண் ஸ்கூட்டரில் கடையநல்லூரிலிருந்து வருவாள். கணவர் வளைகுடாவில், இவள் இங்கே வீடு வீடாக வைத்தியம். நடந்ததைச் சொன்னதும் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. “பாட்டு வேற வழியா வருது டீச்சர். அந்த வழியிலேயே பேச்சையும் ஏத்திப் பாப்போம். எனக்கு அந்த மெட்டு வேணும்” என்றாள். அவள் தொழுகிற குடும்பத்துப் பெண். எங்கள் பாட்டை எங்கே கேட்டிருப்பாள்? போனில் தேடி, ஜெர்மனியில் யாரோ ஒரு பாடகர் குழு பாடியிருந்ததை எடுத்து, அன்றைக்கு ராத்திரியே பழகிக்கொண்டாள். அடுத்த முறை வந்தபோது அவர் இடது கையைப் பிடித்து அவருடைய தொடையிலேயே தாளம் தட்ட வைத்து, மெட்டின் முதல் துண்டில் ‘காப்பி வேணும்’ என்பதை ஏற்றினாள். சில நாளில் காப்பி வந்தது. அதாவது, காப்பி வேண்டும் என்று அவர் பாடினார்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத காலம் அது. அடக்க ஆராதனை மெட்டில் ஒரு மனிதர் காலையும் மாலையும் காப்பி கேட்கிறார். சீரியஸான முகத்தோடு, தொடையில் தட்டித் தட்டிக் கேட்கிறார். அதே மெட்டில் ஃபேன் போடச் சொல்கிறார், தலையணையை உயர்த்தச் சொல்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு சினிமாப் பாட்டுக்கூட எனக்காகப் பாடாதவர். “இப்பமாவது பாடுதீங்களே” என்று ஒருநாள் சொன்னேன். ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்புக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

நீளமான வாக்கியத்துக்குப் போனபோது சிக்கல் வந்தது. முழு மெட்டையும் பயன்படுத்தினால்தான் நீளமாகச் சொல்ல முடியும். மூன்று வரி ஒழுங்காக வருவார். மூன்றாம் வரியின் முடிவில் நின்றுவிடுவார். அவள் நான்காவது வரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். அவருக்குத் தாளம் தடுமாறும், வார்த்தை உதிரும், ‘அதாவது’ திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். மூளை அந்த இடத்தில் களைத்துப் போகிறது என்று அவள் நினைத்தாள். மெட்டை வெட்டிப் பார்த்தாள், மெதுவாக்கிப் பார்த்தாள், மூன்றாம் வரியையும் நான்காம் வரியையும் சேர்த்துத் தனியாகப் பழக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்து கையை உதறினார்.

நான் இதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டு, “நீங்க ஒரு தடவை பாடுங்க டீச்சர், ஸார் உங்க வாயைப் பாத்துப் பாடட்டும்” என்றாள். பாடினேன். மூன்றாம் வரி முடிந்தது. கொஞ்சம் பொறுத்து நான்காம் வரி எடுத்தேன். அவரும் கூடவே எடுத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்களும் நிக்குதீங்களே டீச்சர்!”

“எங்க நிக்கேன்?”

“மூணாவது வரியில. ஸார் நிக்கிற அதே இடத்துல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கோவிலில் முன்பு காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்கன் ஒன்று இருந்தது. உள்ளே இருந்த துருத்தியின் தோலில் ஓட்டை. மூன்றாம் வரி முடிவதற்குள் காற்றெல்லாம் போய்விடும். வாசிக்கிறவர் இரண்டு காலாலும் அவசரமாக மிதித்துக் காற்று நிரப்பும்வரை சபை முழுவதும் நின்று காத்திருக்கும். பிறகு எல்லோரும் சேர்ந்து நான்காம் வரி. அந்த ஆர்கனைக் கரையான் தின்று எத்தனையோ காலம் ஆகிறது. இப்போது இருக்கும் கீபோர்டுக்குக் காற்றே வேண்டாம், கரன்ட் போதும். ஆனாலும் நிற்கிறோம். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து நிற்கிறார்கள். வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தெரியாமல் நான்காம் வரிக்குள் போய், தனியாக அகப்பட்டுக்கொண்டு விழிப்பார்கள். நாங்கள் அவர்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்போம். பள்ளியில் பிள்ளைகளிடம் ஏன், எதற்கு என்று கேளுங்கள் என்று பாடம் நடத்திய நானும் அந்த நிறுத்தத்தில் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இத்தனை நாளா ஸாருக்கு வைத்தியம் பாக்கேன்னு நெனச்சேன். உங்க சர்ச் ஆர்கனுக்குல்லா பாத்துருக்கேன்!” என்றாள். அவரும் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனால் சிரிப்பு சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த நிறுத்தத்தை விட்டுவைத்தாள். விட்டுவைத்ததும் நான்காம் வரி தானாக வந்தது. அந்த இடைவெளியில் அவர் அடுத்த வார்த்தைக்குத் தயாராகிவிடுகிறார் என்று சொன்னாள். பெங்களூரிலிருந்து மகன் போன் பண்ணுவான். அப்பா மூன்று வரி பாடி நிற்பார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவன் ஹலோ ஹலோ என்பான். “ஏலே, பொறுலே, காத்து நிரம்பட்டும்” என்று நான் பக்கத்திலிருந்து சொல்வேன்.

இந்த நிலவரத்தில்தான் நான் ஜெர்மன்காரரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன். அவருடைய ஊர்த் தேவாலயத்தின் இணையப் பக்கத்தில் கொஞ்சம் தகவல் இருந்தது. ஜெர்மன் எனக்குத் தெரியாது. போனில் மொழிபெயர்க்கக் கொடுத்தால் அது ஆர்கனை ‘உறுப்பு’ என்று போட்டது. அவர் ஆயுள் முழுவதும் ஊர்க்காரர்கள் முன்னிலையில் உறுப்பை வாசித்தார், குளிர்காலத்தில் உறுப்பு வேலை செய்யவில்லை, நகரசபை அதைப் பார்வையிட்டது என்று வந்ததை நான் சத்தமாகப் படித்தேன். என் கணவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

உறுப்பை எல்லாம் ஆர்கனாக மாற்றிப் படித்ததும் மனிதர் ஓரளவு தெரிந்தார். மாவு மில்காரரின் மகன். இளவயதிலேயே வேலைக்கு வந்து சாகும்வரை அதே ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாரம் ஒரு புதுப் பாட்டு எழுத வேண்டும் என்பது வேலை ஒப்பந்தம். எழுதினார். பெரும்பாலானவை இன்று இல்லை. அவர் போன பிறகு அந்தக் காகிதங்கள் கடையில் பொட்டலம் மடிக்கப் போயின என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்புவதா என்று தெரியவில்லை, ஆனால் நம்ப முடிகிறது. வாழ்க்கையைப் பற்றித் தெரிவதெல்லாம் அவர் நகரசபைக்கு எழுதிய மனுக்களிலிருந்து. கோவிலில் குளிர் தாங்கவில்லை, விரல் விறைக்கிறது. துருத்தி மிதிக்கிற ஆட்கள் குடித்துவிட்டு வருகிறார்கள். விறகு போதவில்லை. நகரசபையும் அவர்மேல் புகார் வைத்திருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இவர் தன் கைவேலையை எல்லாம் காட்டி வாசிப்பதால் ஜனங்கள் எந்த வரியில் இருக்கிறோம் என்று தெரியாமல் தவிக்கிறார்களாம். எங்கள் நிறுத்தத்துக்கு இது மூலமாக இருக்குமோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். இல்லை. எங்களுடையது ஓட்டைத் துருத்திதான்.

மனுக்களைப் படிக்கும்போது என் கணவர் நிமிர்ந்து உட்காருவார். விறகு மனுவை நகரசபை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியது என்று வந்ததும் தலையை ஆட்டினார். தன் ஆபீஸில் பழகின ஆளைப் பார்த்துவிட்டவர்போல இருந்தது முகம்.

அந்த மெட்டைப் பற்றியும் எழுதினேன். ஜெர்மன்காரரின் சபையில் நெசவாளிகளும் ரொட்டி சுடுகிறவர்களும்தான். சுரம் படிக்கத் தெரியாதவர்கள். அதனால் ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று வைத்திருக்கிறார். ஒரு சுரத்திலிருந்து பக்கத்துச் சுரத்துக்கே போகும், எங்கும் தாவாது. மாடிப்படி ஏறி இறங்குகிற மாதிரிதான். கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் தன் கைக்கு வைத்துக்கொண்டு, ஜனங்களின் வாய்க்கு எளிதானதைக் கொடுத்தார். கால் தடுமாறுகிறவரும் அந்தப் படியில் ஏறலாம். இதை எழுதும்போது மட்டும் எனக்கு அந்த மனிதர்மேல் அன்பு வந்தது. அதை எழுதவில்லை.

போதகர் படித்துவிட்டு, “நல்லா இருக்கு டீச்சர். ஆனா புகார் மனுவா இருக்கே. அவரோட பக்தியைப் பத்தி ரெண்டு வார்த்தை போடுங்களேன்” என்றார். பக்தியைப் பற்றி அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை, பாட்டைத்தான் வைத்துவிட்டுப் போனார் என்றேன். போதகர் தாமாக ஒரு பத்தி சேர்த்துக்கொண்டார். ஆண்டுவிழாவில் மலர் வெளியாயிற்று. அந்தப் பாட்டைப் பாடினோம், மூன்றாம் வரியில் நின்றோம்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் பேச்சுப் பயிற்சிப் பெண் ஒருநாள் என்னை வெளியே ஸ்கூட்டர் வரைக்கும் கூட்டிப்போய்ச் சொன்னாள். “டீச்சர், ஸார் பாடுறது எல்லாம் நாம குடுத்தது. சொந்தமா ஒண்ணு இன்னும் வரல. நாம சொல்லிக் குடுக்காத ஒண்ணு, அவங்களா யோசிச்சுச் சொல்லணும். நாள் போகப் போக அது கஷ்டம்.”

எனக்கும் தெரிந்திருந்தது. அவர் தானாக முயற்சி பண்ணுவதை நிறுத்திவிட்டார். உடைந்து வருகிற தன் குரலைத் தன் காதாலேயே கேட்க அவருக்கு வெட்கம். தொடங்குவார், கேட்பார், வாயை மூடிக்கொள்வார். எனக்கு வேண்டியிருந்தது அவருடைய ஒரு வாக்கியம். யாரும் பழக்காத வாக்கியம். உப்பு இல்லை என்கிற வசவாக இருந்தாலும் போதும். காப்பியும் ஃபேனும் தலையணையும் கேட்கிறவர் ஒருவர் வீட்டில் இருந்தார். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டவர் எங்கேயோ இருந்தார். அவர் இனி வராமலேயே போய்விடுவார் என்றுதான் ராத்திரிகளில் பயந்தேன்.

ஆனி மாதம் பிறந்து சாரல் விழுந்தது. ஒரு காலையில் அவர் துண்டையும் நல்லெண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்து என் முன்னால் நாற்காலியில் வைத்தார். குற்றாலத்துக்குத்தான். சீசன் தொடங்கினால் எங்கள் ஊரில் இதற்கு வார்த்தை தேவையில்லை. கூட்டமில்லாத வார நாளாகப் பார்த்து, தெரிந்த ஆட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு போனோம். மெயின் அருவியில் தண்ணீர் நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. “அண்ணாச்சி, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க” என்று ஆட்டோக்காரர் அவரை ஆண்கள் பக்கம் அழைத்துப்போனார். நடு அருவிக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆண்களையும் பெண்களையும் பிரிக்கிற கம்பியின் ஓரமாக அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் நின்றோம். தண்ணீர் தோளில் அடித்தது. ஆட்டோக்காரர் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்திருந்தார்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றேன். திறந்தபோது அவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

பாடவில்லை. பாடும்போது இடது கை தொடையில் தட்டும். இப்போது அந்தக் கை கம்பிக்கு மேலே எழும்பி, எதையோ சுட்டிக்காட்டி, விரித்து, மடக்கி, தாலுகா ஆபீஸ் கதை சொல்லும்போது ஆடுமே, அப்படி ஆடிக்கொண்டிருந்தது. புருவம் ஏறி இறங்கியது. வாய் நிற்காமல் அசைந்தது. மூன்று வரிக்கு ஒரு நிறுத்தமும் இல்லை. நான் கம்பியோடு ஒட்டி, அவர் வாயருகே காதைக் கொண்டுபோனேன். தண்ணீரின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கும் கேட்டிருக்காது. அதனால்தான் பேசினார். கையைப் பிடித்து அருவியை விட்டுத் தள்ளி இழுத்துக்கொண்டு போய்விட்டால் எனக்குக் கேட்கும். ஆனால் அவருக்கும் கேட்கும். கேட்டால் நிறுத்திவிடுவார். நான் இழுக்கவில்லை. இத்தனை மாதம் எதற்காக ஏங்கினேனோ அது என் முகத்துக்கு முன்னால் நடந்தது, அதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கிடைக்கவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, அருவியை நிறுத்தத் தெரியாத ஆத்திரமாகவும் இருந்தது. எல்லாம் கேட்கிறவள்போலத் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

பேசி முடித்தார். முடித்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். என்னவோ கேட்டிருக்கிறார். சரி என்று பெரிதாகத் தலையசைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. திரும்பி அருவிக்குத் தலையைக் கொடுத்தார்.

ஆட்டோவில் ஏறும்போது ஆட்டோக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டேன். “ஏதோ பேசிக்கிட்டே இருந்தாவ. தண்ணிச் சத்தத்துல எனக்கும் ஒண்ணும் பிடிபடலயே அக்கா” என்றார். வழியெல்லாம் என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளேயிருந்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒற்றைக் கையால் பட்டனெல்லாம் தானே போட்டிருந்தார், ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது. தலை வாரியிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்று என்னைப் பார்த்தார். காலையில் நான் சம்மதித்ததற்குப் புறப்பட்டு நிற்கிறார்.

எங்கே என்று கேட்டால் அருவியில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும். துணியை அப்படியே வைத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். இடம் மாறிய பட்டனைச் சரி பண்ணினேன். வீட்டைப் பூட்டி, “போவோமா?” என்றேன். அவர் முன்னால் நடந்தார். தெருமுனை வந்ததும் கொஞ்சமும் யோசிக்காமல் இடது பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன்.